தட்டக்கா வாய் திறந்த நாள்

வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம் பெரிசா, அப்படியே வச்சுக்கங்க என்று நாள் முழுக்கச் சொல்லும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தன் வாயை மட்டும் திறக்காமலே காலத்தை ஓட்டியவள் அவள். பல் ஆஸ்பத்திரியின் முன்மேசை அவளுடையது. வீங்கிய கன்னங்களை ஒரு பார்வை பார்த்து யாரை முதலில் உள்ளே அனுப்பலாம் என்று முடிவு செய்வாள். "அடுத்தவங்க வாங்க" என்பாள். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு நாளை முடித்துவிட முடியும் என்பதை டாக்டர் அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஊரில் அவளுக்குத் தட்டக்கா என்று பேர். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்து மறந்துவிட்டது.

ஒரு முறை ஏரிக்கரையில் துப்புரவு நாள் நடந்தது. வருகிறவர்களுக்கு இலவசப் பற்பசை கொடுக்கச் சொல்லி டாக்டர் அவளை அனுப்பியிருந்தார். ஏரிக் குழுவினர் காலை முழுக்க முழங்கால் சேற்றில் நின்று குப்பையை வாரினார்கள். மதியம் எல்லோருக்கும் காகிதத் தட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. தட்டுகள் எழும்பி, கொக்குக் கூட்டம் மாதிரி வரிசையாகப் பறந்து, அப்போதுதான் சுத்தம் செய்த தண்ணீரில் அழகாக இறங்கின. சேறு காயாத கால்களோடு எல்லோரும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் பார்த்தாள். அடுத்த மாதம் அவர்கள் கூட்டத்துக்கு, வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டுகளை இரண்டு பைகளில் சுமந்துகொண்டு போய் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு தட்டுகள் தாமாகவே வரத் தொடங்கின. புதுத் தட்டு வாங்கியவர்கள் பழையதைக் கொண்டுவந்து தந்தார்கள். மூடப்போன ஒரு ஆலையின் கேன்டீன் சாக்குச் சாக்காக அனுப்பிவைத்தது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது அவளுக்குக் கைவராத காரியம். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்துக்கொண்டு நின்றால், அந்த ஆள் இறங்குகிற நிறுத்தம் வரை பொறுத்திருப்பாள்.

சீக்கிரமே ஊரில் எந்தக் குழு கூட்டம் போட்டாலும் தட்டும் டம்ளரும் அவளிடமிருந்துதான் போயின. தெருச் சண்டைகளுக்கு நடுவில் போய் நிற்கிற அமைதிக் குழு, கையுறைக்கும் வார விடுமுறைக்கும் போராடுகிற துப்புரவுத் தொழிலாளர் சங்கம், ஏரிக் குழு என்று மூன்று பேருக்கும் அவள் பொது. தட்டுக்கு ஒரே ஒரு விதி. சாப்பிட்டவர் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். மூன்று அண்டா வைத்திருப்பாள். முதல் அண்டாவில் சோப்புத் தண்ணீர், மற்ற இரண்டில் நல்ல தண்ணீர். மூன்றாவதன் பக்கத்தில் முக்காலி போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் திருப்பி நீட்டுவாள். பெரிய பேச்சாளர் என்றாலும் மறுபடி வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும்.

இந்தச் சாம்ராஜ்யம் முழுவதும் இருந்தது அவள் வீட்டு முன்னறையில். அந்த முன்னறைக்கு ஆபத்து வந்தது. தம்பி மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டது.

"அக்கா, நான் உன்னை விரட்டலை" என்றான் தம்பி. சாக்குகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் அவனால் பேச முடிந்தது. இன்னொரு காலை வைக்க இடமில்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்க மூணு பேரும் வீட்டுக்கு வர்றாங்க. ரெண்டு தொட்டில் போடணும். இந்த மலையை எங்க வைக்கிறது?"

"பாக்குறேன்."

"இதைத்தான் நாலு மாசமா சொல்ற. உன் குழுக்காரங்ககிட்டக் கேளு. இத்தனை வருஷமா அவங்களுக்குத்தானே சுமக்குற. ஒரு ரூம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேக்குறேன்."

"நீயா கேப்ப?" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பசிச்சாக்கூட அழாம வளந்தவ நீ. தொட்டில்ல கிடக்கியா இல்லையான்னு நான்தான் எட்டி எட்டிப் பார்ப்பேன்."

தம்பி பெருமூச்சு விட்டான். "சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அன்னைக்கு மத்தியானம் பழைய சாமான்காரரை வரச் சொல்லியிருக்கேன். இடம் கிடைச்சா தட்டு உனக்கு. கிடைக்கலைன்னா எடைக்கு."

எடைக்கு என்ற சொல்லைக் கேட்டதும், அவிழ்ந்து கிடந்த சாக்கு ஒன்றின் வாயை அவள் இறுக்கிக் கட்டினாள்.

அந்த வாரம் கேட்பதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருந்தது. மூன்று குழுக்களும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாள் பள்ளி மைதானத்தில் சந்திப்பு நடத்துவார்கள். இந்த வருஷம் அது அதே ஞாயிற்றுக்கிழமை. அதற்கான ஏற்பாட்டுக் கூட்டம் சைக்கிள் கடை மாடியில் கூடியது. கடைக்காரர்தான் ஏரிக் குழுவின் தூண்.

இந்தக் கூட்டங்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. தலைவர் என்று யாரும் கிடையாது. கைதட்டக் கூடாது. தட்டினால் பேசியவருக்குத் தலைக்கனம் ஏறும், பேசாதவருக்கு மனம் வாடும் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். ஒருவர் விடாமல் சம்மதித்தால்தான் அது முடிவு. முடிவானதை மாற்ற இன்னொரு கூட்டம் போட வேண்டும். அந்தக் கூட்டத்தை என்றைக்கு வைப்பது என்பதற்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஆகவே எதையும் யாரும் மாற்றியதில்லை.

அன்றைக்குச் சிக்கல், மேடையை யார் நடத்துவது என்பது. போன வருஷம் நடத்தியவர் அமைதிக் குழுவின் போஸ்ட்மாஸ்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடிகாரம் முந்தின நாளே நின்றுபோயிருந்தது. மரியாதை கருதி யாரும் அசையவில்லை. அவர் நிமிர்ந்தபோது ஏரிக் குழுவுக்கு ஒதுக்கிய நேரம் காலியாகியிருந்தது.

"எங்க நாடகத்தையே முழுங்கிட்டீங்க சார்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"மௌனத்தை அளக்க முடியுமாய்யா?"

"அளக்கத்தானே கடியாரம் கட்டியிருந்தீங்க?"

"ரெண்டு பேரும் வேணாம்" என்றாள் விசிலம்மா. அவள் துப்புரவுச் சங்கத்தின் செயலாளர். காலையில் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வரும்போது அவள் ஊதுகிற விசிலில் தெருவே எழுந்து உட்காரும். "நானும் வேணாம். நான் நடத்துனா உங்க ரெண்டு பேரையும் பேசவே விட மாட்டேன். எந்தக் குழுவுலயும் சேராத ஆள் ஒருத்தர் வேணும்."

அந்த நேரம் தட்டக்கா பின்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியபடியே உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தாள். எனக்கு ஒரு உதவி வேணும். தட்டு வைக்க ஒரு இடம் வேணும். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவு செய்து எழுந்தாள். கை துடைக்கத் துண்டு இல்லை. காகிதத்தில் துடைத்தால் ஏரிக் குழுவின் பிரசங்கத்தைக் கேட்க வேண்டும். கதவைத் தாண்டி வந்தவள், வழக்கம் போல இரண்டு கைகளையும் உயர்த்தி ஈரம் போக உதறினாள்.

போஸ்ட்மாஸ்டர் அப்போதுதான், "அப்படி யார்தான் மேடையை ஏத்துக்கப்போறீங்க?" என்று கேட்டு வாய் மூடியிருந்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைக்கு மேலே இரண்டு கைகள், அத்தனை விரல்களும் ஆடுகின்றன. நீர்த்துளிகள் கூடத் தெறிக்கின்றன. இவ்வளவு ஆர்வமாக ஒருவர் சம்மதித்ததை அந்த மாடி கண்டதே இல்லை.

"அட, நம்ம தட்டக்கா" என்றார் சைக்கிள் கடைக்காரர். அறையிலிருந்த எல்லாக் கைகளும் மேலே எழுந்து ஆடின. போஸ்ட்மாஸ்டருடைய கையும் கடைக்காரருடைய கையும் ஒரே நேரத்தில் ஆடியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

உதவி கேட்க வாயைத் திறந்தாள். முடியவில்லை. மறுக்க வாயைத் திறந்தாள். அதுவும் முடியவில்லை. திறந்த வாயோடு நின்ற அவளைப் பார்த்து, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று விசிலம்மா மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னாள்.

வீட்டில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "நல்லதாப் போச்சுக்கா. நாள் பூரா மைக் உன் கையில. அதுக்கு மேல கேக்குறதுக்கு என்ன வசதி வேணும்?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சியைத் தொடங்கினாள். மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருக்கிறவர்கள்தான் அதற்குத் தோது. அவர்களால் பதில் பேச முடியாது. கன்னம் மரத்த ஒரு லாரி ஓட்டுநரின் அருகில் போய், "உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல ஒரு ரூம் காலியா இருக்குமா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். அவர் திகைத்துப் போய், "ஆழ... ஊழ..." என்றார். இரண்டாவது ஆளிடம் கேட்டபோது குரல் நடுங்கவில்லை. மூன்றாவது ஆள் கைப்பேசியை எடுத்து வீட்டுத் தரகர் ஒருவரின் எண்ணைக் காட்டவே, பயிற்சியை அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளி மைதானத்தில் வேப்பமர நிழல்களைப் பார்த்துப் பார்த்துக் கடைகள் போட்டிருந்தார்கள். பழைய துணியில் பை தைத்துத் தருகிற மேசை, உடைந்த மின்விசிறியைச் சரி செய்கிற மேசை, விதை மாற்றிக்கொள்கிற மேசை. ஒன்றுக்கும் விலை இல்லை. வாசலில் சங்கத்துப் பெண்கள் நீலச் சேலையில் நின்று வரவேற்றார்கள். தட்டுகள் அத்தனையையும் வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். கண் கூசாமல் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைதானம் அடங்கியது. ஒத்திகை பார்த்த வரவேற்புரை எங்கோ போய் ஒளிந்துகொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் தானாக வருகிற ஒன்றைச் சொன்னாள்.

"அடுத்தவங்க வாங்க."

அதற்கு முன்னால் யாரும் பேசியிருக்கவில்லை. ஆனாலும் ஏரிக் குழுவின் நாடகக்காரர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார்கள். பல்வலிக்காரரும் மறுக்காமல் எழுந்து நடக்கிற குரல் அது.

பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. பேச வந்து தயங்கி நின்றவரிடம், "பயப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள். நீட்டி முழக்கியவரின் தோளை லேசாகத் தொட்டு, "போதும், இன்னைக்கு இவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். அவரும் ஏதோ சிகிச்சை முடிந்தவர் போல நன்றி சொல்லி இறங்கினார். போஸ்ட்மாஸ்டரின் ஒரு நிமிட மௌனத்துக்குத் தன் கடிகாரத்தையே பார்த்தாள். சரியாக ஒரு நிமிடம். "முடிஞ்சது. வாயக் கொப்பளிச்சுக்கங்க" என்றாள்.

மைதானம் ஒரு விநாடி விழித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. போஸ்ட்மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. மேடையில் முகம் சிவந்து நின்ற அவளுக்கும் அடக்க முடியவில்லை. மைக்கைப் பிடித்தபடியே சிரித்தாள். ஒலிபெருக்கியில் தன் சிரிப்பைத் தானே கேட்டு இன்னும் சிரித்தாள்.

விசிலம்மா பேசும்போது மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையுறை இல்லாமல் கிழிந்த கைகளைப் பற்றி விசிலம்மா பேசினாள். விடுமுறை கேட்டதற்கு வேலையை விட்டு நிறுத்தப்பட்டவளைப் பற்றிப் பேசினாள். பிறகு சாப்பாட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "நாங்க தொட்ட தட்டுல நீங்க சாப்பிடுறீங்க. நீங்க தொட்ட தட்டுல நாங்க சாப்பிடுறோம். அவங்கவங்க எச்சிலை அவங்கவங்க கழுவுறோம். இதை ஊர் பூரா செஞ்சா நான் சங்கத்தைக் கலைச்சிட்டு வீட்ல உக்காந்துக்குவேன்."

எல்லாக் கைகளும் மேலே எழுந்து ஆடின.

சாப்பாட்டு நேரத்தில்தான் தட்டக்கா வாசலைக் கவனித்தாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் மூன்று சக்கர வண்டியும் தராசுமாகப் பழைய சாமான்காரர். வீட்டில் தட்டு ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு இங்கே கூட்டிவந்திருக்கிறான். விசிலம்மா அவர்கள் இருவர் கையிலும் தட்டைத் திணித்துவிட்டாள். பழைய சாமான்காரர் நிறைவாகச் சாப்பிட்டார். கழுவப் போனார். மூன்றாவது அண்டாவில் அன்றைக்குப் பொறுப்பாக இருந்த சங்கத்துப் பெண் அவருடைய தட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள்.

"எடைக்கு எடுக்கப்போற தட்டுதானே அம்மா" என்றார் அவர் பரிதாபமாக.

"எந்தத் தட்டை எடைக்கு எடுக்கப்போறீங்க?" என்று அவள் கேட்க, அவர் வெயிலில் இருந்த அடுக்குகளை நோக்கிக் கையை வீசினார். அந்தப் பெண் மேடையை நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் தட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியத்துக்குப் பிறகு ஒரு விபரீதம் நடந்தது. நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்தச் சந்திப்பின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை. "அடுத்தவங்க வாங்க" என்று அழைத்தாள். அடுத்தவர் யாரும் இல்லை. மைதானம் நிறையக் கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் தம்பி இரண்டு கைகளையும் விரித்து, இதைவிடவா வாய்ப்பு வரும் என்பது போல நின்றான்.

"அடுத்தது நான்தான்" என்றாள்.

பார்வையைத் தட்டுகளின் மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு இடம் வேணும். எனக்கில்ல, தட்டுக்கு. எங்க வீட்டுக்கு ரெண்டு குழந்தைங்க வருது. இன்னைக்கே வருது. இடம் கிடைக்கலைன்னா இதையெல்லாம் எடைக்குப் போட்டுருவாங்க. எனக்கு இதை எடைக்குப் போட இஷ்டம் இல்ல. யார்கிட்டயாவது ஒரு ரூம் இருந்தா குடுங்க."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. வந்தபின் எல்லோரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, கேட்டிருக்கவே கூடாது என்று நினைத்தாள்.

"ஏம்மா, இதை இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றார் போஸ்ட்மாஸ்டர், எழுந்து நின்று. "எங்க வாசகசாலையில பின்னாடி அறை சும்மாத்தானே கிடக்கு."

"அது ஒழுகும்" என்றார் சைக்கிள் கடைக்காரர். "தட்டுல தண்ணி நிக்கும். கொசு வரும். என் மாடியில வைக்கலாம்."

"உம் மாடி ஏற்கெனவே டயர் வெயிட்டுல தொங்குது. தட்டையும் ஏத்துனா கீழ இருக்கவன் தலையில இறங்கும்."

"என் மாடியைப் பத்தி நீங்க பேசாதீங்க சார்."

அமைதிக் குழு முழுவதும் எழுந்து நின்று கத்தியது. ஏரிக் குழு பதிலுக்குக் கத்தியது. தன் தட்டுகளுக்காக இரண்டு கூட்டம் அடித்துக்கொள்ளும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மேடையில் நின்று மாறி மாறிப் பார்த்தாள். தலைகால் புரியவில்லை.

"எப்பங்க முடியும் இது?" என்று பழைய சாமான்காரர் தம்பியிடம் கேட்டார்.

"எல்லாரும் ஒத்துக்கணும்."

"அப்ப நான் தராசை மடிக்கலாமா?"

மைதானத்தைப் பிளந்துகொண்டு ஒரு விசில் கேட்டது. எல்லோரும் வாயை மூடினார்கள்.

"எங்க சங்கத்து ஆபீஸ்ல ஒரு ரூம் இருக்கு" என்றாள் விசிலம்மா. "ஒழுகாது, தொங்காது. இந்தத் தட்டால முதல் முதல்ல உங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவங்க நாங்க. அதனால அது எங்க வீட்ல இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கக்கா" என்றாள் தட்டக்கா.

"சாவி எங்ககிட்டத்தான். தட்டு யாருக்கு வேணும்னாலும் வந்து வாய் விட்டுக் கேக்கணும்."

"யாருக்கு வேணும்னாலுமா?"

"உனக்கும்தான். ஓரமா வந்து நின்னுக்கிட்டு நானே புரிஞ்சுக்கணும்னு பாத்தியோ, சாயங்காலம் வரைக்கும் நிக்க வேண்டியதுதான்."

கைகள் மேலே எழுந்து ஆடின. போஸ்ட்மாஸ்டர் கொஞ்சம் தாமதித்துவிட்டு ஆட்டினார். சைக்கிள் கடைக்காரர் அவர் ஆட்டும் வரை காத்திருந்துவிட்டு ஆட்டினார். தம்பிக்கு இந்த வழக்கம் தெரியாது. அவன் பலமாகக் கைதட்டிவிட்டு, நாலு பக்கமும் முறைப்பு வாங்கினான்.

மேடையிலிருந்து இறங்கியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டால் கிடைக்கிறது. இது இத்தனை சுலபமான காரியம் என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லையே. நேரே பழைய சாமான்காரரிடம் போனாள்.

"அண்ணே, உங்க வண்டி வேணும்."

"எடைக்கு வாங்க வந்தவன்கிட்டச் சுமக்கச் சொல்றீங்களே அம்மா."

"ஆமா, சுமக்கத்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு தராசைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அவளுக்குக் கேட்கிற கிறுக்குப் பிடித்துவிட்டது. போஸ்ட்மாஸ்டரை அண்டாவைத் தூக்கச் சொன்னாள். சைக்கிள் கடைக்காரரிடம் கயிறு கேட்டாள், அது பழசு என்று சொல்லி வேறு கயிறு கேட்டாள். விசிலம்மாவிடம் ஒரு முறை விசிலை ஊதிப் பார்க்கக் கேட்டாள். அதை மட்டும் விசிலம்மா தரவில்லை. அதற்கும் அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள்.

தட்டுகளின் ஓசையில் தெரு அதிர வண்டி கிளம்பியது. முன்னால் பழைய சாமான்காரர் மிதிக்க, பின்னால் அமைதிக் குழுவும் ஏரிக் குழுவும் தோளோடு தோள் நின்று தள்ளின. யார் சரியாகத் தள்ளவில்லை என்ற வாக்குவாதமும் கூடவே போனது. நாற்சந்திக்கு முன்னால் சாலை மேடு ஏறுகிறது.

"இங்க நின்னோம்னா அப்புறம் நகராது" என்று கத்தினார் பழைய சாமான்காரர்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். நாற்சந்தியின் நடுவில் நின்ற போக்குவரத்துக் காவலருக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றாள்.

"சார், எல்லா வண்டியையும் கொஞ்சம் நிறுத்துங்க."

"எதுக்கு? யார் வர்றாங்க?"

"தட்டு வருது."

காவலர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். மேட்டில் பளபளத்துக்கொண்டு ஏறி வருகிற மலையையும், அதன் பின்னால் சண்டை போட்டுக்கொண்டே தள்ளி வருகிற பெரியவர்களையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கையை உயர்த்தினார். பஸ்களும் கார்களும் நாலு பக்கமும் நின்றன. தட்டுகள் கலகலவென்று நடுவில் ராஜநடை போட்டுக் கடந்தன. ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ கையசைத்தார்கள். அவளும் செருப்போடு கையசைத்தாள்.

"அவ்வளவுதானே?" என்றார் காவலர், உயர்த்திய கையை இறக்கியபடி.

"இல்ல சார்" என்றாள் அவள். "டம்ளர் இன்னும் ரெண்டு நடை இருக்கு."